நூற்றியோராவது விலாசம்



செய்தி பிந்தினால் அது செய்தியன்று என்பது பத்திரிகைக் கந்தோரில் நான் கற்ற முதற் பாடம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பாடத்தை எனக்குப் பின் வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து வந்தவன் நான். அப்படிப்பட்ட என் கையாலேயே ஒரு செய்தி, சேர வேண்டியவரைச் சேராமல் நின்ற கதையை இன்று எழுதுகிறேன். கதை சிறியது. அதன் பின்னால் உள்ள வரலாறு சற்று நீளமானது.

2005ஆம் ஆண்டு. சமாதான காலம் என்று நாம் சொல்லிக்கொண்ட அந்த இடைவெளியில், நெடுந்தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் காலமானார். எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர் அல்லர். ஆயினும் இளம் நிருபராகத் தீவுப்பகுதிக்குச் சென்ற நாட்களில், திரும்பி வரப் படகு கிடைக்காத இரவுகளில் அவர் வீட்டுத் திண்ணைதான் எனக்குப் படுக்கை. மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்தவர். அவருடைய மாணாக்கர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் மெல்பேர்ணிலும் பரந்திருந்தனர்.

கொழும்பிலிருந்த எனக்கு அவருடைய மகள் தொலைபேசியில் பேசினார். "எல்லாருடைய ஈமெயிலும் உங்களிட்டைத்தானே அண்ணை இருக்கு. ஒருக்கால் அறிவிச்சு விடுங்கோ" என்றார். உண்மைதான். தீவுப்பகுதியார் பலரின் விலாசங்களை ஆண்டுக்கணக்காகச் சேர்த்து ஒரு பட்டியலாக வைத்திருந்தேன். 163 விலாசங்கள். ஓர் இலவச மின்னஞ்சற் கணக்கிலிருந்து, தொகுதிக்கு இருபத்தைந்து பேராகப் பிரித்து அனுப்பத் தொடங்கினேன். நான்கு தொகுதிகள் சென்றன. ஐந்தாவது தொகுதியை அழுத்தியபோது, இன்றைக்குரிய அளவு முடிந்துவிட்டது, இருபத்துநான்கு மணித்தியாலம் கழித்து முயல்க என்ற பொருளில் ஓர் அறிவித்தல் திரையில் தோன்றிற்று. கணக்கு பூட்டப்பட்டுவிட்டது.

பட்டியல் ஆங்கில அகரவரிசையில் இருந்தது. நம்மவர் பெயர்களை ஆங்கிலத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'எஸ்' எழுத்துக்குப் பிறகுதான் பாதி ஊர் இருக்கிறது. சிவ என்றும் தியாக என்றும் வேலு என்றும் தொடங்கும் அத்தனை பேரும் கடைசி மூன்றிலொரு பங்குக்குள் அடங்கிவிடுவார்கள். அந்த அறுபத்து மூன்று பேரும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிலருக்குத் தொலைபேசி எடுத்தேன். பலருடைய இலக்கம் என்னிடம் இல்லை. மறுநாள் நான் மீண்டும் அனுப்பியபோது பூதவுடல் கடல் கடந்து நெடுந்தீவு சேர்ந்து, தகனமும் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் நோர்வேயிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. சிறுவயதில் பெற்றோரை இழந்து, அந்த ஆசிரியர் வீட்டிலேயே உண்டு வளர்ந்து படித்தவர் அவர். பாரிஸிலிருந்த ஒருவர் சொல்லித்தான், என் கடிதத்தைத் திறக்கும் முன்னரே, செய்தி அறிந்திருக்கிறார்.

"ஏன் அண்ணை, மாஸ்டரின்ர செய்தி எனக்கு மட்டும் பிந்தி வந்தது?"

"நூறு பேருக்கு மேலே ஒரு நாளிலை அனுப்ப விடமாட்டாங்களாம் தம்பி" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் நூற்றியோராவது ஆளோ அண்ணை?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. நூறு என்ற எண்ணை யார் தீர்மானித்தார்கள், எதற்காகத் தீர்மானித்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

புறாவும் படகும் தந்தியும்

செய்தி அனுப்புவதற்கு எல்லை இருப்பது தீவாருக்குப் புதிய விடயமன்று. நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்கே பொந்துகள் நிறைந்த பழைய புறாக்கூடு ஒன்றைப் பார்த்திருப்பார்கள். ஐரோப்பியர் காலத்தில் தூதுப் புறாக்கள் வளர்க்கப்பட்ட இடம் என்பது ஊரவர் கூற்று. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும், வேலணைக்கு லைடன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டிய ஒல்லாந்தர், பெயர்களால் தீவுகளைத் தமக்கு அருகே இழுத்துக்கொண்டார்கள். கடலை அவ்வாறு சுருக்க இயலவில்லை. தூதுப் புறாவுக்குத் திரும்பிப் பறக்கத் தெரிந்தது தன் சொந்தக் கூட்டுக்கு மட்டுமே. ஒரு பறவை, ஒரு சிறு சீட்டு, ஒரே விலாசம். செய்தி அனுப்புவதற்கு அதைவிடக் கடுமையான எல்லை இருக்க முடியாது.

பின்னர் தபால் வந்தது. தபால் மூட்டை யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து படகேறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போய்ச்சேரும். சோளகம் பலமாக வீசும் நாட்களில் நெடுந்தீவுப் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் கடிதமும் இல்லை. எத்தனை கடிதம் என்பதைக் காற்றுத்தான் தீர்மானித்தது.

தந்தியின் எல்லை வேறு வகையானது. இலங்கையில் 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தொடங்கிய தந்திச் சேவை, சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியது. ஆகவே நம்மவர் சொற்களைக் குறைத்தார்கள். 'ஃபாதர் சீரியஸ் ஸ்ராட் இமீடியட்லி' என்ற நான்கு ஆங்கிலச் சொற்கள் எத்தனை வீடுகளில் ஒப்பாரியைத் தொடக்கிவைத்தன என்பது மூத்த வாசகர்களுக்குத் தெரியும். 'சீரியஸ்' என்றால் கடுமை என்று பொருளில்லை, முடிந்துவிட்டது என்றுதான் பொருள். எல்லை இறுகும்போது சொற்கள் தம் பொருளையே மாற்றிக்கொள்கின்றன.

இருபத்தைந்து சொற்கள்

இரண்டாம் உலகப் போரின்போது எல்லை இன்னும் சுருங்கியது. மலாயாவின் ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் ஏராளம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமானது. 1945 செப்ரெம்பரில் பிரித்தானியர் திரும்பும்வரை, அவர்களுடைய குடும்பங்கள் ஊரில் செய்தியின்றித் தவித்தன. அந்தப் போரில் எதிரெதிர்ப் பகுதிகளில் சிக்கிய குடும்பங்களுக்காகச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு நடத்திய செய்திச் சேவையில், ஒரு படிவத்தில் எழுத அனுமதிக்கப்பட்டவை இருபத்தைந்து சொற்கள் மட்டுமே. அவையும் குடும்பச் செய்தியாக இருத்தல் வேண்டும். தணிக்கையாளர் வாசிப்பதற்கு வசதியாக அந்த எண் அமைந்தது.

அரை நூற்றாண்டு கழித்து அதே குழு, அதே வகைப் படிவங்களுடன் நம் மண்ணுக்கே வந்தது. 1989 முதல் இலங்கையில் பணியாற்றிய செஞ்சிலுவைக் குழுவினர், போரினால் பிரிக்கப்பட்டவர்களுக்கும் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கும் இடையே திறந்த கடிதங்களைச் சுமந்தார்கள். 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. 1990, 1991 ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அன்றைய யாழ்ப்பாணத்து நாளேடுகள், அச்சுத்தாள் கிடைக்காமல், பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. எனக்குத் தெரிந்த பலர் அந்தப் பத்திரிகையின் மரண அறிவித்தற் பகுதியை மட்டும் வெட்டி, கடித உறைக்குள் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அது போய்ச்சேர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும்.

காசு கட்டுபவர் யார்?

இங்கே ஒரு கணம் நின்று, தபால் முத்திரையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். நூறு என்ற எண்ணின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1840க்கு முன் பிரித்தானியாவில் கடிதத்துக்குக் காசு கட்டியவர் பெரும்பாலும் அதைப் பெறுபவரே. தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் கூடும். பெற விரும்பாதவர் கடிதத்தைத் திருப்பிவிடலாம். தபாற்காரன் சுமந்து வந்த கூலி வீண். ரோலண்ட் ஹில் என்பவரின் சீர்திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. அனுப்புபவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும், கட்டியதற்கு அடையாளமாக முத்திரை ஒட்ட வேண்டும். 1840 மே மாதத்தில் வந்த 'பெனி பிளாக்' முத்திரையின் உண்மையான புதுமை இதுவே. இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் நாள் வெளியாயிற்று.

முத்திரை ஒட்டாத கடிதத்தைத் தமிழகத்தில் 'பேரிங் கடிதம்' என்பார்கள். பெறுபவர் இரட்டிப்புக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். வேண்டாதவர் அனுப்பிய பேரிங் கடிதம் என்றால் வீட்டுக்காரருக்கு வரும் கோபம் கொஞ்சமன்று. ஆக, முத்திரை என்பது வெறும் கட்டணச் சீட்டு அன்று. 'இந்தக் கடிதம் உனக்கு எழுதப்படத் தக்கது என்று நான் கருதுகிறேன், அதற்கு என் காசையும் வைத்திருக்கிறேன்' என்று அனுப்புபவர் தரும் உறுதிமொழி அது. ஆயிரம் பேருக்கு வீண் கடிதம் எழுத நினைப்பவன் ஆயிரம் முத்திரை வாங்க வேண்டும். அதனால் எழுதமாட்டான்.

முத்திரை இல்லாத உலகம்

மின்னஞ்சல் அந்த முத்திரையைக் கிழித்துப் போட்டது. வலையமைப்பு ஒன்றில் ஒரு கணனியிலிருந்து மற்றதற்கு முதன்முதலில் கடிதம் அனுப்பும் முறையை ரே ரொம்லின்சன் 1971இல் அமைத்தபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். 1978 மே மாதம் கரி தூர்க் என்ற கணனி விற்பனையாளர், தம் நிறுவனத்தின் புதிய கணனிகளைப் பற்றி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். உலகின் முதலாவது குப்பை அஞ்சல் என்று அதைச் சொல்கிறார்கள். விலாசப் பகுதியில் அத்தனை பேருக்கும் இடம் போதாமல், எஞ்சிய விலாசங்கள் கடிதத்தின் உடலுக்குள் வழிந்து போயினவாம். கேட்பாரின்றிப் பலருக்கு அனுப்பப்பட்ட அந்த முதற் கடிதமே ஓர் எல்லையில் முட்டியது என்பது கவனிக்கத் தக்கது.

1982 ஓகஸ்ட் மாதம் யொன் பொஸ்ரல் எழுதிய மின்னஞ்சல் விதிமுறை ஆவணத்தில் நூறு என்ற எண் வருகிறது. ஒரு கடிதத்துக்கு நூறு பெறுநர்வரை ஏற்கக்கூடியதாக அஞ்சற்கணனி இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. தடுப்பதற்காக அன்று, குறைந்தது இவ்வளவாவது கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட எண் அது. அனுப்புபவர் உண்மையில் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த விதிமுறையில் இல்லை. ஒருவரையொருவர் அறிந்தவர்களின் ஊரில் கதவுக்குப் பூட்டு எதற்கு?

1996 யூலை 4ஆம் நாள் சபீர் பாட்டியாவும் ஜக் ஸ்மித்தும் ஹொட்மெயிலைத் தொடங்கினார்கள். ஒருவர் எந்த நாட்டிலும் எந்தக் கணனியிலும் அமர்ந்து, ஒரு சதமும் கொடாமல் தம் கடிதப்பெட்டியைத் திறக்கலாம். அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'நீங்களும் இலவசமாகப் பெறலாம்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியே உலகெங்கும் அதைப் பரப்பிற்று. மறு ஆண்டின் இறுதியில் மைக்ரோசொவ்ட் அதை வாங்கியது.

நாடு நாடாக, முகாம் முகாமாக, வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்த புலம்பெயர் தமிழருக்கு இது எத்தகைய கொடை என்பதை இன்றைய இளையோர் உணர்வது கடினம். வீட்டு விலாசம் ஆண்டுக்கு ஒருமுறை மாறும், மின்னஞ்சல் விலாசம் மாறாது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபின், யாழ்ப்பாண நகரில் இணையக் கடைகள் பெருகின. குறிகட்டுவானிலிருந்து பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, கடைப் பையனைக் கொண்டு பிள்ளைக்குக் கடிதம் எழுதுவித்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் இலவசம் என்று ஒன்று உலகில் இல்லை. அனுப்புபவர் கட்டாத காசை வேறு யாரோ கட்டுகிறார்கள். கடிதப்பெட்டியை வைத்திருக்கும் நிறுவனம் கட்டியது, இணையக் கடையில் நிமிடத்துக்கு நிமிடம் காசு கொடுத்துக் குப்பையை அழித்துக்கொண்டிருந்த அந்தத் தாயும் கட்டினார். உலகின் கடிதமெல்லாம் பேரிங் கடிதமாக மாறிவிட்டது. 2003 அளவில், அனுப்பப்படும் மின்னஞ்சல்களில் ஏறத்தாழப் பாதி குப்பை என்று கணிக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் மாதம், ஹொட்மெயிலின் இலவசக் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு நூறு என்ற எல்லை அறிவிக்கப்பட்டது. மற்ற இலவசச் சேவைகளும் தத்தம் எல்லைகளைக் கொண்டிருந்தன. 2004 ஏப்ரல் 1ஆம் நாள், இலங்கையின் முதல் முத்திரை வெளியான அதே தேதியில், கூகிள் தன் ஜிமெயிலை வெளியிட்டது. ஹொட்மெயில் இரண்டு மெகாபைற் இடம் தந்துகொண்டிருந்த காலத்தில் ஜிமெயில் ஒரு கிகாபைற் தந்தது. சேர்த்துவைக்கும் இடம் ஐந்நூறு மடங்கு பெருகிற்று. அனுப்பும் எல்லையோ நாளொன்றுக்கு ஐந்நூறு என்ற அளவில் நின்றது, இன்றும் அவ்வளவே. வாங்கிக் குவிப்பதில் யாருக்கும் அச்சமில்லை. அனுப்புவதில்தான் அச்சம்.

முத்திரை போன இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்தது. எல்லை என்பது இலவச அஞ்சலின் முத்திரை. நான் தேடியதில் கண்ட விடை இதுதான்.

நாளொன்றுக்கு 800

இந்த வரலாற்றில் நம்மவருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1998இல் உலகப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. 'இணையக் கரும்புலிகள்' என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு குழு, பல நாடுகளிலிருந்த இலங்கைத் தூதரகங்களுக்கு இரண்டு வார காலம் நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்களை அனுப்பி அவற்றின் கடிதப்பெட்டிகளை அடைத்தது என்பது அச்செய்தி. ஒரு நாட்டின் கணனிகள்மீது பயங்கரவாத அமைப்பொன்று நடத்தியதாக அறியப்பட்ட முதலாவது தாக்குதல் என்று அமெரிக்கப் புலனாய்வு வட்டாரங்கள் அதனை வகைப்படுத்தின. இணையப் பாதுகாப்புப் பற்றிய நூல்களில் அது இன்றும் மேற்கோளாகிறது.

அதன் அரசியலை வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எண்ணை மட்டும் பாருங்கள். நாளொன்றுக்கு 800 கடிதம் என்றால் அது தாக்குதல். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி மாத உற்சவத்துக்கு, புலம்பெயர் நாட்டிலுள்ள அடியார் சங்கமொன்று தன் 800 அன்பர்களுக்கு அழைப்பு அனுப்பினாலும் அதே 800தான். எண்ணுகின்ற கணனிக்குத் தேர் இழுக்கக் கூப்பிடுகிறார்களா, கடிதப்பெட்டியை அடைக்கிறார்களா என்பது தெரியாது. எண்ணுக்கு நோக்கம் இல்லை. எண்ணிக்கையை வைத்து மனிதரைத் தீர்ப்பதன் முதற் குறை இதுவே.

வேலிக்குள் அகப்பட்டவர் யார்?

இரண்டாவது குறை, அந்த வேலி யாரைத் தடுத்தது என்பது. குப்பை அஞ்சல் அனுப்புபவனிடம் ஒரு கணக்கு மட்டும் இருக்காது. ஆயிரக்கணக்கான இலவசக் கணக்குகளைத் தானாகத் திறக்கும் நிரல்களை அவன் வைத்திருந்தான். அதைத் தடுக்கத்தான் 2000ஆம் ஆண்டளவில், யாகூ நிறுவனத்துக்காகக் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளைந்து நெளிந்த எழுத்துகளை வாசித்து எழுதும் சோதனையை உருவாக்கினார்கள். அதற்கும் குப்பைக்காரர்கள் வழி கண்டுபிடித்தனர். பிறருடைய கணனிகளைத் திருட்டுத்தனமாக வசப்படுத்தி அவற்றிலிருந்து அனுப்பினார்கள். சொந்தப் பெயரில் ஒரே கணக்கு வைத்திருந்து, கேட்டபடி ஒழுங்காக எண்ணிக்கைக்குள் நின்ற ஊர்ச்சங்கச் செயலாளரும் பழைய மாணவர் சங்கப் பொருளாளரும் என்போன்ற மரண அறிவித்தல்காரரும்தான் வேலியில் முட்டியவர்கள்.

மாற்று வழிகள் தேடப்படாமல் இல்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்புபவரின் கணனி ஒரு சிறு கணக்கைச் செய்துகாட்ட வேண்டும், அந்த உழைப்பே முத்திரையாகட்டும் என்று சிந்தியா டுவோர்க், மோனி நவோர் ஆகியோர் 1992இல் எழுதினார்கள். பிற்காலத்தில் பிற்கொயின் நாணயத்துக்கு அடிப்படையானது இதே வகை யோசனை. மைக்ரோசொவ்ட் ஆய்வாளர்கள் தம் திட்டம் ஒன்றுக்குப் 'பெனி பிளாக்' என்றே பெயர் வைத்தார்கள். 2006இல் ஏஓஎல், யாகூ ஆகியவை, பெருந்தொகையாக அனுப்புவோரிடம் கடிதமொன்றுக்கு ஒரு சதம்வரை வாங்கி வழிவிடும் திட்டத்துடன் இணைந்தபோது, பொதுநல அமைப்புகள் 'மின்னஞ்சல் வரி' என்று எதிர்த்தன. அதுவும் நிலைக்கவில்லை. 2024 பெப்ரவரி முதல், கூகிளும் யாகூவும் பெருந்தொகையாக அனுப்புவோர் தம்மை அடையாளம் நிறுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தியுள்ளன. ஜிமெயில் விலாசங்களுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கு இது பொருந்தும். 1982இல் பூட்டாமல் விட்ட கதவுக்கு நாற்பது ஆண்டு கழித்துப் பூட்டு வந்திருக்கிறது.

தமிழுக்கு ஒரு மேலதிகக் கட்டணம்

நமக்கு இன்னோர் எல்லையும் இருந்தது. அதை யாரும் அறிவிக்கவில்லை. கணனி தமிழை எண்ணும் முறையில் அது ஒளிந்திருந்தது. 'அம்மா' என்ற மூன்றெழுத்துச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் நான்கு பைற். தமிழில் யூனிகோட் முறையில் எழுதினால், புள்ளியும் காலும் தனித்தனியே எண்ணப்பட்டுப் பதினைந்து பைற். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள், தமிழுக்கு எழுபதுதான். யூனிகோட் பரவுவதற்கு முன், பாமினியிலோ வேறு எழுத்துருவிலோ எழுதிய அறிவித்தல் மற்றவர் கணனியில் புள்ளியும் குறியுமாகத் தெரியும். ஆகவே மரண அறிவித்தலைப் படமாக்கி இணைப்போம். அந்தப் படம் சில வேளை பெறுபவரின் இரண்டு மெகாபைற் பெட்டியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தந்தியில் ஆங்கிலத்தில் அழுத நாம், குறுஞ்செய்தியிலும் ஆங்கில எழுத்திலேயே அழுதோம்.

ஐந்து பேருக்கு மட்டும்

இவ்வளவும் எழுதியபின் எல்லைகள் அனைத்தும் கொடுமை என்று முடித்தால் அது நேர்மையாகாது. என் கருத்தைச் சற்று மாற்றிய ஆண்டு 2018. பிள்ளை பிடிகாரர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிப் பரவ, இந்தியாவின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்த யூலையில் இந்தியாவில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்த முடியாதவாறு எல்லை வந்தது. 2019 சனவரியில் உலகமெங்கும் அது நடைமுறையானது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020 ஏப்ரலில் ஒன்று என்றானது. இந்த எல்லை கணனிச் செலவைக் காக்க வந்ததன்று, உயிரைக் காக்க வந்தது. அதை நான் எதிர்க்கமாட்டேன்.

ஆனால் எல்லை வேறு, அடைப்பு வேறு. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டில் கைத்தொலைபேசிகள் அடிக்கடி ஊமையாயின. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னரும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. எல்லை எல்லாருக்கும் முன்கூட்டிச் சொல்லப்படுவது. அதற்குள் நின்று நம் வேலையைத் திட்டமிடலாம். அடைப்பு அப்படியன்று. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க விரும்பும் கணத்தில் அது வாயைப் பொத்திவிடும்.

பட்டியலைத் திருத்திய கதை

நோர்வேத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நூறு என்று எல்லை வைத்தவர்கள் அவரை நூற்றியோராவது ஆளாக்கவில்லை. அகரவரிசையில் பட்டியல் போட்ட நான்தான் ஆக்கினேன். ஊரில் ஒரு சாவு நிகழ்ந்தால், ஒரே ஆள் ஊர் முழுவதற்கும் சொல்வதில்லை. முதலில் இரத்த உறவுக்கு ஆள் போகும். பிறகு ஒழுங்கைக்கு ஒருவர். அந்த ஒழுங்கையில் இருப்பவர் அடுத்த ஒழுங்கைக்குச் சொல்வார். ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியது ஐந்தாறு வீடு மட்டுமே. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் கூடிவிடும். என் கைக்குள் ஒரு இலவசக் கணக்கு வந்ததும், ஊர் முழுவதற்கும் நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் தவறு நேர்ந்தது.

அந்த ஆண்டே பட்டியலைப் பிரித்தோம். கனடாவுக்கு ஒருவர், பிரித்தானியாவுக்கு ஒருவர், பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் ஒருவர், அவுஸ்திரேலியாவுக்கு ஒருவர். ஒவ்வொரு விலாசத்துக்கும் பக்கத்தில் தொலைபேசி இலக்கம். இன்னாருக்கு முதலில் குரலில்தான் சொல்ல வேண்டும் என்ற குறிப்பு. எந்தச் சேவையின் எந்த எல்லையையும் அதன்பின் நாங்கள் முட்டவில்லை. இப்போது அந்தப் பட்டியல்கள் வட்ஸ்அப் குழுக்களாகிவிட்டன. ஆயினும் ஒழுங்கு அதேதான்.

நோர்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளின் பட்டியலை வைத்திருப்பவர் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் கேட்கவில்லை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சென்ற மாதமும் ஒரு துயரச் செய்தியை அவரிடம் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் திருப்பி அழைத்தார். "எல்லாருக்கும் சொல்லியாச்சு அண்ணை. ஒருத்தரும் விடுபடேல்லை" என்றார்.